உருளைக்கிழங்கின் பழைய ரகங்களைக் காத்தல்

நெல், ராகி, சோளம் முதலிய தானியங்களின் வித்தை நன்கு உலர்த்திக் குதிரிலோ கோட்டையிலோ பத்திரப்படுத்தினால், அடுத்த போகத்தில் அது அதே ரகமாகவே விளையும். உருளைக்கிழங்கின் சங்கதி வேறு. அச்செடியும் பூத்து, சிறு தக்காளி போன்ற காய்களில் வித்துக்களை உண்டாக்குகிறதாயினும், ஒரே காயின் வித்துக்களை விதைத்துப் பார்த்தால் ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஆகவே ஒரு ரகத்தை அதன் இயல்பு மாறாமல் வைத்திருக்க வேண்டுமாயின், கிழங்கையே நட்டு, கிழங்கையே எடுத்து, மறுபடியும் நடுதல் வேண்டும். இரண்டொரு வருஷம் நடாமல் விட்டால் கிழங்கு சுருங்கி அழுகி, ரகமே அற்றுப்போம். இடைவிடாது நட்டு வந்தாலோ, வைரஸ் நோய்கள் விதைக்கிழங்கின் வழியே தொடர்ந்து சேர்ந்து விளைச்சலைக் குறைக்கும்.

இப்பயிரின் பிறப்பிடம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். பெரு, பொலிவியா தேசங்களின் மலைக்குடியானவர்கள் 12,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலும் இதனைப் பயிரிட்டு வருகின்றனர். ஒரே நிலத்தில் பற்பல ரகங்களைக் கலந்து நடுவது அவர்கள் வழக்கம். உறைபனியில் ஒன்று மடிந்தாலும் மற்றொன்று பிழைக்கும். கசப்பு ரகங்களை இரவுக் குளிரில் உறையவிட்டு, மிதித்து நீர் போக்கி, வெயிலில் உலர்த்திப் பல வருஷங்கள் வைத்து உண்பர். முண்டும் முடிச்சுமாகத் திரண்ட ஒரு ரகத்திற்கு அவர்கள் பாஷையில் ‘மருமகளை அழவைப்பது’ என்று பொருள்படும் பெயருண்டு. அதனைத் தோல் சீவிப் பார்த்தவர் அப்பெயரின் நியாயத்தை உணர்வர்.

இத்தகைய வகைப்பெருக்கத்தின் அருமை, அது இல்லாத தேசத்தில் வெளியாயிற்று. அயர்லாந்தின் ஏழைக் குடிகள் 1840-களில் பெரும்பாலும் ‘லம்பர்’ என்னும் ஒரே ரகத்தை நம்பியிருந்தனர். 1845-இல் கருகல் நோய் புகுந்தது. சில வருஷங்களுக்குள் ஏறக்குறைய 10 லட்சம் பேர் பசியாலும் அதனைத் தொடர்ந்த பிணிகளாலும் மாண்டனர். அரசாங்கத்தாரின் அசிரத்தையும் அத்துயரைப் பெருக்கிற்று என்பது தனிக் கதை.

நமது நீலகிரியிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அங்கே 1961-இல் உருளையின் வேரைத் தாக்கும் கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. அதன் முட்டைகள் கடினமான கூட்டுக்குள் அடங்கி மண்ணில் பல வருஷங்கள் உயிரோடிருக்குமாதலால், மருந்தினால் மட்டும் அதனை ஒழித்தல் அரிது. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் 1985-இல் வெளியிட்ட குப்ரி ஸ்வர்ணா இப்புழுவை எதிர்த்து நிற்பது. அவ்வெதிர்ப்புச் சக்தி, அர்ஜென்டீனாவின் மலைகளில் தானே வளரும் ‘ஸோலானம் வெர்னியை’ என்ற காட்டு இனத்திலிருந்து வந்தது. சந்தையில் விலைபோகாத அச்செடியை எவரும் சேகரித்து வைத்திராவிடில், ஒட்டுச் சேர்க்க இந்த மூலம் கிடைத்திராது.

இவ்வாறு சேகரித்துக் காக்கும் இடமே மரபணு வங்கி. பெரு தேசத்தின் லீமா நகரில் 1971-இல் ஸ்தாபிக்கப்பட்ட சர்வதேச உருளைக்கிழங்கு நிலையத்தில், குடியானவர்கள் வளர்த்த பண்டை ரகங்களின் மாதிரிகள் 4,000-க்கு மேல் உள்ளன. ஒவ்வொரு ரகமும் கண்ணாடிக் குழாயில் விரலளவு நாற்றாக, குளிர்ந்த அறையில் மெதுவாக வளர்கிறது. ஏறக்குறைய இரண்டு வருஷங்களுக்கொரு முறை அதனைத் துண்டித்துப் புதுக் குழாயில் மாற்ற வேண்டும். பல ரகங்களின் குருத்து நுனிகளைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரி சென்டிகிரேடில் உறையவைத்தும் காக்கின்றனர். செலவு மிகுந்த வேலைதான். ஆயினும் குழாயில் ஏற்றுமுன் வைரஸ் நீக்கப்படுவதால், உழவனுக்கு ரகம் சுத்தமாகத் திரும்பக் கிடைக்கிறது. எமது எண்ணத்தில் வங்கியின் முதற்பயன் இதுவே. வாங்கி வைத்துத் திருப்பிக் கொடாத களஞ்சியத்தினால் குடிகளுக்கு ஆவதென்ன?

குஸ்கோ நகரத்தை அடுத்த மலைக்கிராமங்கள் சில ஒன்றுகூடி ‘உருளைக்கிழங்குப் பூங்கா’ என்றதொரு பரப்பைப் பொதுவில் பரிபாலித்து வருகின்றன. 2004-இல் லீமா நிலையத்தாருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அம்மலைகளிலிருந்து முன்னர் சேகரிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான ரகங்கள் நோய் நீக்கப்பெற்று அவர்கள் நிலங்களுக்கே மீண்டன. ஆயினும் வெப்பம் கூடி வருவதால், கீழ்ச்சரிவுகளில் விளைந்த ரகங்களை அவர்கள் வரவர மேலே ஏற்றி நடவேண்டியிருக்கிறது. சிகரத்துக்கப்பால் ஏற இடமில்லை. இதனையுணர்ந்து 2015-இல் தங்கள் உருளையின் வித்துக்களை, 2008-இல் திறக்கப்பட்ட நார்வே தேசத்து ஸ்வால்பார்டு நிலவறைக்கு அனுப்பிவைத்தனர். அவ்வித்துக்கள் குணங்களைக் காக்குமேயன்றி ரகங்களை அப்படியே தாரா. ரகத்திற்கு லீமாவின் குழாயும், ஆண்டுதோறும் நடப்படும் அம்மலை வயலுமே இருப்பிடம்.