பழைய கடிகாரத்தின் முகம்

எமது தந்தையார் அணிந்திருந்த கைக்கடிகாரத்தை, அவர் மறைந்தபின் திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்தோம். அது விலையுயர்ந்ததன்று. மஞ்சள் படர்ந்திருந்த அதன் முகப்பு எமக்கு அழுக்காகவே தோன்றிற்று. "புதிதாக்கித் தாருங்கள்" என்றோம். அவரும் முகப்புக்கு வெள்ளை பூசி, இலக்கங்களைக் கறுப்பு மையால் எழுதி, கூட்டையும் மினுக்கித் தந்தார். வீட்டில் யாவரும் மெச்சினர். அன்னையார் மட்டும் ஒன்றுங் கூறாது அதனைத் திருப்பித் தந்துவிட்டார்.

உயர்தரக் கடிகாரங்களைச் சேகரிப்போர் எழுதியவற்றைப் பயின்றபோதே, நாம் செய்தது யாதென விளங்கிற்று.

ஜெனீவா நகரின் பட்டேக் பிலிப் நிறுவனம் 1932 ஆம் ஆண்டு ஸ்டேர்ன் சகோதரர் கைக்கு மாறிற்று. அவர்கள் கடிகார முகப்புகள் செய்யும் தொழிலினர் என்பது கருதத்தக்கது. அவ்வாண்டே 'கலட்ராவா' வரிசையின் 96 ஆம் இலக்கக் கடிகாரம் வெளிவந்தது. குறுக்களவு ஏறத்தாழ 31 மில்லிமீற்றர். இன்றைய இளைஞர் அதனைப் பெண்களுக்குரியதென்பர்! வட்டக் கூடு, பட்டியைத் தாங்குங் காதுகள் கூட்டிலிருந்தே வளைந்திறங்கும் பாங்கு, வெறுமையான முகப்பு. அவ்வளவே. ஆயினும் கண் அதனைவிட்டு அகலாது.

அம்முகப்பின் எழுத்துகள் மையால் அச்சிட்டவையல்ல. உலோகத்திற் செதுக்கி, எனாமல் நிரப்பி, சூளையிலிட்டு, பின் மட்டமாகத் தேய்க்கப்பட்டவை. ஆதலின் நெடுங்காலம் மங்காது நிற்கும். அளவுக்கு மிஞ்சித் துலக்கினாலோ, மெல்லிய கோடுகளே முதலில் அழியும். விவரமறிந்தோர் உருப்பெருக்குக் கண்ணாடியை அங்கேதான் முதலில் வைப்பர். கூட்டை மினுக்குந்தோறும் பொன் தேய்கிறது. காதுகளின் கூர்விளிம்பு மழுங்குகிறது. பொன்மாற்று முத்திரை ஆழங் குறைகிறது. தேய்ந்த பொன்னை மீட்பதெங்ஙனம்? முகப்பு மாற்றி எழுதப்பட்டதெனின் விலையும் பெரிதுஞ் சரியும்.

அழுக்கைப் போற்றுவதாவென மாணவர் வினவலாம். அன்று. உள்ளே இயந்திரத்தைச் சில ஆண்டுகளுக்கொருமுறை கழற்றித் துடைத்து எண்ணெயிடல் வேண்டும். எண்ணெய் வறண்டால் அச்சுகள் தேயும். தடுக்கவேண்டியது வெளித்தோற்றத்திற் கைவைப்பதையே.

நேரத்தின் பொருட்டு இவற்றை நாடுவார் இன்று இலர். 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் வெளியிட்ட குவாட்ஸ் கைக்கடிகாரம் மாதத்துக்கு 5 விநாடிக்குமேல் பிழைக்காதெனப்பட்டது. சாவி கொடுக்குங் கடிகாரமோ ஒரே நாளில் அவ்வளவு பிழைக்கும்.

அண்மையில் தந்தையாரின் கடிகாரத்துக்கு எண்ணெயிடும்போது பின்மூடி கழற்றப்பட்டது. அதன் உட்புறத்தில், முன்னர்த் திருத்தியோர் ஊசிமுனையாற் கீறிய குறிகள் இருந்தன: 1974, 1981, 1990. கண்ணுக்குத் தெரியாத இடமாதலின் அதனை ஒருவரும் மினுக்கவில்லை. மூடியை அன்னையாரிடங் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்திருந்தார்.