கார் ஸ்டார்ட் ஆகலையா? சாவியை மறுபடி திருப்புறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

பொங்கலுக்கு சென்னையில இருந்து காரை எடுத்துக்கிட்டு தஞ்சாவூர் பக்கம் அப்பாயி ஊருக்குப் போறீங்க. நாலு நாள் வண்டி வைக்கோல் போர் ஓரமா நிக்குது. கிளம்புற அன்னிக்கு விடியற்காலை அஞ்சு மணி, நல்ல பனி. பையெல்லாம் ஏத்தியாச்சு. அப்பாயி கொடுத்த வாழைத்தார் கூட டிக்கிக்குள்ள போயாச்சு. சாவியைத் திருப்புறீங்க. ஸ்டார்ட் ஆகலை.

அப்போ நம்ம கை என்ன பண்ணும்? திரும்பத் திரும்ப சாவியைத் திருப்பும். இன்னிக்கு எபிசோடு அந்தக் கையைப் பிடிச்சு நிறுத்தத்தான். சில சமயம் இன்னொரு தடவை திருப்புறதுல ஒரு நஷ்டமும் இல்லை. சில சமயம் அந்த ஒரே தடவையில இன்ஜினே போயிடும். எது எதுன்னு கண்டுபிடிக்க, முதல்ல சத்தத்தைக் கேக்கணும்.

'டக் டக்'னு மட்டும் கேட்டா

இது பெரும்பாலும் பேட்டரி. ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க. வெளிச்சம் மங்கிப் போச்சுன்னா பேட்டரியில சார்ஜ் இல்லை, இல்லேன்னா டெர்மினல் லூசா இருக்கு. டெர்மினல் மேல வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா சுத்தம் பண்ணி இறுக்கணும். வெளிச்சம் குறையாம ஒரே ஒரு 'டக்' வந்தா, ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம். மல்டிமீட்டர் இருந்தா, நல்ல பேட்டரி 12.6 வோல்ட் கிட்ட காட்டும். 12-க்குக் கீழே போயிருந்தா கிட்டத்தட்ட காலி.

பக்கத்து வீட்டு கார்ல இருந்து ஜம்ப் கொடுக்குறப்போ வரிசை முக்கியம். சிவப்பு ஒயர் முதல்ல நம்ம பேட்டரி பிளஸ்ல, அடுத்து அவங்க பிளஸ்ல. கறுப்பு ஒயர் அவங்க மைனஸ்ல, கடைசி முனை நம்ம இன்ஜின்ல பெயின்ட் இல்லாத உலோகத்துல. பேட்டரி பக்கத்துல தீப்பொறி வரக்கூடாது, அதுக்குத்தான் இப்படி.

சுத்துது, ஆனா பிடிக்கலை

பேட்டரி நல்லா இருக்கு. ஸ்டார்ட்டர் 'கிர்ர்'னு சுத்துது, இன்ஜின் மட்டும் உயிர் பெறலை. இங்கேதான் நிறுத்திட்டு பானெட்டைத் திறக்கணும். டெல்டாவுல முதல் சந்தேகம் எலி.

வயல் எலி வரப்புல வளை தோண்டி, நெற்கதிரை வெட்டி உள்ளே சேர்த்து வைக்கும். அதைப் பிடிக்க மூங்கில்ல செய்யுற, வில் மாதிரி இயங்குற பொறிக்கு 'தஞ்சாவூர் கிட்டி'ன்னே பேரு. தை மாசம் சம்பா அறுவடை ஆனதும் வயல்ல தீனியும் மறைவும் குறைஞ்சிடும். எலிக்கு அடுத்த இடம் வைக்கோல் போர். அதுக்குப் பக்கத்துலயே கதகதப்பா நம்ம இன்ஜின்! எலியோட முன்பல் வளர்ந்துக்கிட்டே இருக்கும். அதைத் தேய்க்க எதையாவது கடிச்சே ஆகணும், ஒயர் உட்பட.

டார்ச் அடிச்சுப் பாருங்க. வைக்கோல் துண்டு, உமி, புழுக்கை, செம்பு தெரியுற ஒயர், இதுல எது இருந்தாலும் சாவியைத் தொடாதீங்க. தோல் போன ஒயர்கள் உரசினா ஷார்ட் ஆகி, செலவு பல மடங்கு ஏறும். பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. பெட்ரோல் வாசனை வந்தா எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க. பக்கத்துல யாரும் பீடி கூட பத்த வைக்கக் கூடாது.

எலி வேலை இல்லைன்னா மறுபடி சாவியை ஆன்ல மட்டும் வச்சுக் கேளுங்க. பெட்ரோல் வண்டின்னா பின்பக்கம் பம்ப் ரெண்டு விநாடி லேசா முனகும். அது கேக்கலைன்னா ஃபியூஸைப் பாருங்க. டேஷ்போர்டுல சாவி இல்லேன்னா பூட்டு படம் மின்னினா, வண்டி சாவியை அடையாளம் கண்டுக்கலைன்னு அர்த்தம், ஸ்பேர் சாவியை முயற்சி பண்ணுங்க. எப்பவும் பத்து விநாடிக்கு மேல ஸ்டார்ட்டரைச் சுத்த விடாதீங்க. ஒரு நிமிஷம் இடைவெளி கொடுங்க.

தண்ணியில நின்ன வண்டியா?

இதே வண்டி ஐப்பசி, கார்த்திகை மழையில நின்னிருந்தா கதையே வேற. 2015 டிசம்பர் சென்னை வெள்ளமும் 2023 மிக்ஜாம் மழையும் ஞாபகம் இருக்கும். இன்ஜின் வரைக்கும் தண்ணி ஏறியிருந்தா, முதல் தடவை கூட சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள்ள காத்து சுருங்கும், தண்ணி சுருங்காது. மேல வர்ற பிஸ்டன் தண்ணியில முட்டி, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். சாதாரண பாலிசியில இந்தச் சேதத்துக்குப் பொதுவா பணம் கிடைக்காது, 'இன்ஜின் புரொடெக்ட்' தனியா வாங்கியிருக்கணும். அதனால பேட்டரியைக் கழட்டுங்க, இழுவை வண்டியைக் கூப்பிடுங்க.

அடுத்த பொங்கலுக்கு வண்டியைப் போரை விட்டுத் தள்ளி நிறுத்துங்க. ராத்திரி பானெட்டை லேசா திறந்து வைங்க, எலிக்கு இருட்டும் கதகதப்பும் குறையும். அப்படியும் ஸ்டார்ட் ஆகலையா? பதறாதீங்க. அப்பாயி இன்னொரு காபி போடட்டும், நீங்க அந்த சத்தம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!