தாத்தாவின் வாட்ச்சை யாரிடம் கொடுப்பது?

சாவி கொடுக்கும் பழைய வாட்ச்சை ரிப்பேருக்குக் கொண்டுபோகும்போது நம் வீடுகளில் ஓர் எச்சரிக்கை சொல்வார்கள்: “பக்கத்திலேயே நின்று பார், உள்ளே இருக்கிற கல்லைக் கழற்றிவிடுவார்கள்.” டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, உள்ளே விலையுயர்ந்த மாணிக்கம் இருப்பதாக எண்ணியதால் வந்த பயம் அது. கல் இருப்பது உண்மைதான். ஆனால் அது ஆலையில் வளர்த்த கல். 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டபின் வாட்ச் கற்கள் மிக மலிவாகிவிட்டன. சக்கரங்களின் அச்சுமுனை தேயாமல் சுழலத்தான் அவற்றைப் பதிக்கிறார்கள். கழற்றி விற்று யாரும் பணம் பார்க்க முடியாது. ஆக, நாம் காவல் நிற்கும் இடமே தவறு. பரம்பரையாக வந்த வாட்ச் பாழாவது திருட்டால் அல்ல, பெரும்பாலும் நாமே கேட்டு வாங்கும் ‘புதுசு மாதிரி’ பளபளப்பால்தான். என்னென்ன செய்ய மாட்டேன் என்று ஒரு ரிப்பேர்காரர் சொல்கிறார் என்பதை வைத்தே அவரை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் டயலைப் பாருங்கள். பழுப்பேறிய டயலைச் சுரண்டி, புதிதாகப் பெயின்ட் அடித்து, எழுத்தைத் திரும்ப அச்சிட்டுக் கொடுப்பது இங்கே பழகிப்போன வேலை. எழுத்து தடித்துவிடும், கோடுகள் இடம் மாறும், நிறம் கம்பெனி ஒருபோதும் போடாத நிறமாக இருக்கும். வெளிநாடுகளில் பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் இப்படிப்பட்டவற்றை ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே அழைக்கிறார்கள். கைத்திறன் மிக்க நம் ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே வருத்தம். உறையைப் பாலிஷ் போட்டால் விளிம்பு மழுங்கும், பின்மூடியில் பொறித்த பெயரும் தேதியும் தேய்ந்துபோகும். ஒருமுறை போனால் இவை திரும்பாது. 1960களுக்கு முந்தைய சில வாட்ச்சுகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இருட்டில் ஒளிர எண்களிலும் முள்ளிலும் ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கியதால் அது செத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மங்கியது அதோடு கலந்த துத்தநாக சல்பைடுதான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அதைச் சுரண்டினால் கிளம்பும் தூசி, சுரண்டுபவர் மூச்சில்தான் முதலில் போகும். “இந்த டயலைத் தொட மாட்டேன்” என்று மறுப்பவர் உங்கள் வாட்ச்சையும் தன் உடம்பையும் ஒருசேரக் காக்கிறார்.

மூடிக்குள் நடக்கும் வேலையை நாம் எப்படி அறிவது என்ற கேள்வி நியாயமானது. தடயங்கள் இருக்கின்றன. எச்எம்டி கம்பெனியின் பைலட், ஜனதா போன்ற வாட்ச்சுகளில், இருபுறமும் மாறிமாறி ஆடும் பேலன்ஸ் வீல் ஒரு நொடிக்கு 5 முறை அடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000 முறை. இத்தனை அசைவையும் தாங்குவது ஊசிமுனையில் வைத்த எண்ணெய்த் துளிதான். அது வறண்டபின் ஓட்டினால் அச்சு தேயும். ஆகவே சர்வீஸ் என்றால் முழுவதும் பிரித்து, கழுவி, இடத்துக்குத் தக்க எண்ணெய் வைத்துப் பூட்டுவது. இயந்திரத்தை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து மேலே எண்ணெய் விடுவது சர்வீஸ் ஆகாது. சில மாதம் ஓடும், அவ்வளவுதான். நல்லவர் பின்மூடியை உங்கள் எதிரிலேயே உரிய கருவியால் திறப்பார், கத்தியால் நெம்ப மாட்டார். திருகுகளின் தலை காயப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். மூடியின் உட்புறம் பழைய ரிப்பேர்காரர்கள் கீறிவைத்த பொடி எழுத்துகளையும் தேதிகளையும் படித்து, கடைசியாக எப்போது பிரித்தார்கள் என்று ஊகிப்பார். வாட்ச் திடீரென்று வேகமாக ஓடினால், மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று திசைகாட்டியை அருகில் வைத்துப் பார்ப்பார். அந்தக் காந்தத்தை நீக்குவது சில நிமிட வேலை, முழு சர்வீஸ் வேண்டியதில்லை. டைமிங் மெஷின் இருந்தால் முன்னும் பின்னும் அளந்து காட்டுவார். முழுச் சாவி கொடுத்தபின் பேலன்ஸ் வீலின் வீச்சு 270 பாகையை ஒட்டி இருப்பது ஆரோக்கியம், 200க்குக் கீழே என்றால் பலவீனம். மாற்றிய பாகங்களைச் சின்னக் கவரில் போட்டுத் திருப்பித் தருவார்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகலாமே என்பார்கள். எச்எம்டிக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் ஒத்துழைப்போடு பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தொழிலை மூட, 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இனி உதிரிபாகம் வருவது பழைய இருப்பிலிருந்தோ ஓடாத இன்னொரு வாட்ச்சிலிருந்தோதான்; அதை மறைக்காமல் சொல்கிறாரா என்பதே கேள்வி. சுவிஸ் கம்பெனிகள் நன்றாகவே செய்யும், ஆனால் பழைய டயலையும் முள்ளையும் மாற்றிவிடக் கூடும். மாற்றக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். தெருமுனைப் பெரியவரிடம் மெஷினும் இல்லை, ரசீதும் இல்லையே என்பது இன்னோர் ஆட்சேபம். மெஷின் இல்லாதது குறையே தவிர, குற்றமில்லை. ரசீதை நீங்களே எழுதிக் கையெழுத்து கேட்கலாம். டயலையும் இயந்திரத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். தயங்காமல் சம்மதிப்பவரை நம்பலாம்.

வாட்ச் விலையைவிடக் கூலி அதிகம் என்ற புகார் மட்டும் எனக்கு ஏற்புடையதல்ல. கூலி வாட்ச்சின் விலைக்கு அல்ல, அவர் கண்ணில் லென்ஸ் மாட்டிக் குனிந்திருக்கும் மணிநேரத்துக்கு. டாடாவும் தமிழ்நாட்டின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்சுகளை நாடெங்கும் கொண்டுசேர்த்தபின், ரிப்பேர் கடையின் வேலை பெரும்பாலும் பேட்டரி மாற்றுவதாகச் சுருங்கிவிட்டது. பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை வாட்ச்சுக்குச் சாவி கொடுக்காமல் பீரோவில் வைத்திருங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. கிடைத்தால், “டயலைத் தொட வேண்டாம்” என்பதை முதலில் சொல்லுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.