பேராக் தோட்டத் தமிழரின் வெள்ளி அணிகள்: பனி, தீ, புதுப்பித்தல்

முன்னுரை

பேராக் மாநிலத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் ஈயச் சுரங்கம், இரப்பர்த் தோட்டம், தொழிற்சங்கம் ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டுள்ளது. அம்மக்கள் அணிந்த தண்டை, காப்பு, மெட்டி, அரைஞாண் முதலிய வெள்ளி அணிகள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. இவ்வணிகள் வெறும் அழகுப் பொருள்கள் அல்ல. பனிக்காலத்தின் முடிவோடும், தீயோடும், வாழ்வைப் புதுப்பித்துக்கொள்ளும் வழிபாட்டோடும் பிணைந்தவை. இப்பிணைப்பை விளக்குவதோடு, இன்று இவ்வணிகள் எதிர்நோக்கும் அழிவைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘வெள்ளி’ என்னும் சொல்

மலேசியத் தமிழர் பேச்சு வழக்கில் ரிங்கிட் இன்றும் ‘வெள்ளி’ என்றே வழங்குகிறது. பணம் தாளாக மாறிப் பல தலைமுறைகள் கடந்த பின்னரும் உலோகத்தின் பெயர் நிலைத்திருப்பது கருதத்தக்கது. பேராக்கிலும் புழங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் டாலர், 1903இல் வெளியிடப்பட்டபோது 26.95 கிராம் எடையும் 90 விழுக்காடு வெள்ளியும் கொண்டிருந்தது. வெள்ளி விலை உயர்ந்து, நாணயங்கள் உருக்கப்பட்டுவிடும் என்ற அச்சம் எழவே, 1907இல் அதன் எடை ஏறத்தாழ 20.2 கிராமாகக் குறைக்கப்பட்டது. இந்திய ரூபாயோ ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடையுடையது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாலானது. நாணயத்தை உருக்கி நகை செய்யும் வழக்கம் இந்தியாவில் பரவலாக இருந்தது. வட அமெரிக்காவின் நவாகோ பழங்குடியினரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க, மெக்சிகோ நாணயங்களைக் கொண்டே தம் வெள்ளி அணிக்கலையை வளர்த்தனர். உழைத்துப் பெற்ற கூலியும் உடலில் அணியும் நகையும் ஒரே உலோகமாக இருந்த காலம் அது.

பனியில்லா நிலத்துப் பனிக்காலம்

தமிழர் மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக்காலம் என்றும் வகுத்தனர். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் அமைந்த பேராக்கில் அத்தகைய பனிக்காலம் இல்லை. ஆயினும் தோட்டத்திற்கு அதற்கே உரிய ஒரு ‘குளிர்காலம்’ இருந்தது. ஆண்டின் தொடக்கத்து வறண்ட மாதங்களில் இரப்பர் மரங்கள் இலைகளை உதிர்த்துப் பின்னர்த் தளிர்க்கின்றன. குளிர்காலம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாலேயே தோட்டத்துரைமார் இப்பருவத்தைக் குறித்தனர். அப்போது பால் குறையும். பால் குறைந்தால் வருவாயும் சுருங்கும். தை முதல் பங்குனி வரையான தமிழர் வழிபாட்டுக் காலமும் தோட்டத்தின் இந்த இலையுதிர் பருவமும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்தமையை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும். பனிக்காலத்தின் முடிவில் வாழ்வு மீண்டும் துளிர்க்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு, பால்மரம் புதியதொரு சான்றாயிற்று.

தீயும் வெள்ளியும்

மார்கழியின் இறுதி நாளாகிய போகியன்று பழையன எரிக்கப்படுகின்றன. வீடும் பாத்திரங்களும் துலக்கப்படுகின்றன. வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும் இயல்புடையது. அக்கருமையைத் திருநீற்றால் தேய்த்துப் போக்குவது தமிழர் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். தீயின் எச்சமாகிய நீறே வெள்ளியின் ஒளியை மீட்டுத் தருகிறது.

திருமணச் சடங்கிலும் இவ்வுறவைக் காணலாம். வேள்வித்தீயின் முன்னிலையில் மணமகளின் பாதத்தை அம்மிமீது வைத்து, மணமகன் மெட்டி அணிவிக்கிறான். பொன் திருமகளின் வடிவமாதலால் அதனை இடைக்குக் கீழே அணியலாகாது என்னும் நம்பிக்கையே காலணிகளை வெள்ளிக்கு உரியவையாக்கியது.

நோயுற்ற காலத்தில் வெள்ளி நேர்த்திக்கடனாயிற்று. அம்மை கண்டவர் நலம் பெற்றபின், மெல்லிய வெள்ளித் தகட்டில் செய்த கண்மலர் முதலிய உறுப்பு வடிவங்களை மாரியம்மனுக்குச் செலுத்துவது தமிழகத்திலிருந்து தொடரும் மரபு. தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுந்ததற்கு நோயச்சமும் ஒரு காரணமாகும். பத்து காஜாவை அடுத்த கெல்லி மாளிகையருகே உள்ள மாரியம்மன் கோயில், தொழிலாளரிடையே கொள்ளைநோய் பரவியபோது வில்லியம் கெல்லி சுமித் அவர்களுக்காகக் கட்டுவித்தது என்பது நன்கறியப்பட்ட செய்தி. நோயின் வெம்மையைத் தணிப்பவளாக வணங்கப்படும் அத்தெய்வத்திற்கே தீமிதியும் நேர்ந்துகொள்ளப்படுகிறது. தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோவின் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தை நாடிவரும் அடியார் நாவிலும் கன்னத்திலும் அலகாகத் தரிக்கும் சிறிய வேலும் இம்மரபைச் சேர்ந்ததே. நேர்த்திக்கடன் முடித்தவர் புதுப்பிறவி எய்தியவராகவே தம்மைக் கருதுகிறார்.

உருகும் சான்றுகள்

வெள்ளி ஏறத்தாழ 960 பாகை செல்சியசில் உருகும். மூசையிலிட்டு உருக்கி, அச்சில் வார்த்து, கம்பியாய் இழுத்து, பற்றாசு வைத்து இணைக்கும் கம்மியருக்குப் பழைய நகை என்பது புதிய நகைக்கான மூலப்பொருளே. இங்குதான் நாம் எதிர்கொள்ளும் சிக்கல் உள்ளது. புதுப்பிக்கத்தக்க இயல்பே வெள்ளியின் சிறப்பு. அவ்வியல்பே வரலாற்றுச் சான்றை அழிக்கவும் செய்கிறது. உலோகம் எஞ்சும், வடிவம் எஞ்சாது.

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போயின. லயங்களை விட்டு நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களில் பாட்டியின் தண்டை பயன்பாடற்ற பொருளாயிற்று. அதனை எடைக்கு எடை கொடுத்துப் புதிய கொலுசு வாங்குவது இயல்பான செயலே. அதனைக் குறைகூற இடமில்லை. ஆயினும், உருகும் ஒவ்வொரு தண்டையோடும் அதன் பெயரும், அதனை அணிந்த காரணமும் மறைகின்றன. நவாகோ அணிகள் அருங்காட்சியகங்களில் வகைபிரித்துப் பேணப்படுகின்றன. நம் அணிகளோ தராசில் எடையாக மட்டுமே மதிக்கப்படுகின்றன.

முடிவுரை

உருக்குவதை நாம் தடுக்க இயலாது. உருகும் முன் பதிவு செய்ய இயலும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இப்பணிக்கு மிகவும் பொருத்தமானவர்கள். மாணவர் தம் வீட்டிலுள்ள வெள்ளி அணி ஒன்றை நிழற்படம் எடுத்து, அதன் எடை, வீட்டு முதியோர் அதற்கு வழங்கும் பெயர், அணிந்த அல்லது நேர்ந்துகொண்ட சூழல் ஆகியவற்றைக் குறித்து வருவார்களாயின், அது மொழிப்பாடமாகவும் வரலாற்று ஆவணமாகவும் அமையும். தண்டை, பாடகம், பீலி, கண்மலர் போன்ற சொற்கள் அகராதிக்கு வெளியேயும் வாழ அது வழிவகுக்கும். தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தலைமுறையினர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.