தோண்டுவதற்கு முன் ஒரு விகிதக் கணக்கு

சாலைக்கடியில் 1,200 மீட்டர் நீளத்துக்கு ஒரு மின்கேபிள் போகிறது. எங்கோ ஓரிடத்தில் காப்புறை பழுதாகி, உள்கம்பி ஒன்றிலிருந்து மின்சாரம் மண்ணுக்குக் கசிகிறது. எந்த இடத்தில் தோண்டுவது? கேபிளின் ஒரு முனையில் இருந்தபடியே அதைச் சொல்லிவிடும் பழைய முறை ஒன்று உண்டு. அதற்கு முர்ரே வளையச் சோதனை என்று பெயர்.

உலோகம், பருமன், வெப்பநிலை மூன்றும் மாறாதிருந்தால், கம்பியின் மின்தடை அதன் நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செப்புக் கம்பிக்கு 100 மீட்டரில் சுமார் 1.7 ஓம், 200 மீட்டரில் 3.4 ஓம்.

அப்படியானால் பழுது வரையிலான தடையை நேரே அளந்து நீளமாக மாற்றிவிடலாமே? அங்கேதான் சிக்கல். பழுதான இடத்தின் தடையும் மண்ணின் தடையும் அளவீட்டில் சேர்ந்துகொள்ளும். அவை எவ்வளவு என்று தெரியாது. போதாக்குறைக்கு, ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் செம்பின் தடை சுமார் 0.4 சதவீதம் கூடும். மண்ணின் வெப்பத்தை 10 டிகிரி தவறாகக் கணித்தால், 840 மீட்டரில் இருக்கும் பழுது 30 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும்.

முர்ரே முறை ஓம் கணக்கையே தவிர்த்துவிடுகிறது. பழுதான கம்பியையும் அதே பருமனுள்ள நல்ல கம்பியையும் மறுகோடியில் இணைத்தால் 2,400 மீட்டர் வளையம் கிடைக்கும். இக்கோடியில் உள்ள இரு முனைகளையும் 100 சென்டிமீட்டர் அளவுக்கம்பி ஒன்றின் இரு முனைகளோடு சேர்த்து, அவற்றுக்கிடையே கால்வனாமீட்டரை வைக்கிறார்கள். பேட்டரியின் ஒரு முனை மண்ணில். மறுமுனை அளவுக்கம்பியின் மேல் நகரும் தொடுமுனையில். கால்வனாமீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்கும் இடத்தைத் தேட வேண்டும். அங்கே அளவுக்கம்பி பிரியும் விகிதத்தில்தான் பழுதும் வளையத்தைப் பிரிக்கிறது. பழுதான கம்பி இணைந்த முனையிலிருந்து 35 சென்டிமீட்டரில் தொடுமுனை இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நின்றால், 2,400-இல் 35 சதவீதம்: 840 மீட்டர்.

மண்ணின் தடை பேட்டரியின் பாதையில் விழுவதால் மின்னோட்டம் குறையுமே தவிர, சமநிலைப் புள்ளி நகராது. கேபிள் நெடுக ஒரே அளவில் சூடேறினால் வளையத்தின் இரு பகுதிகளின் தடையும் ஒரே மடங்கு கூடும். விகிதம் அப்படியே இருக்கும். பிளஸ் டூ ஆய்வகத்து மீட்டர் சமனச்சுற்றின் தத்துவமும் இதுவே. இரண்டுக்கும் மூலமான, 1833-இல் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி வகுத்த சுற்று, 1843-இல் அதைப் பரவலாக்கிய வீட்ஸ்டோனின் பெயரால் வழங்குகிறது.

நடுவில் பாதிக் குறுக்குப்பரப்புள்ள கேபிளை 50 மீட்டருக்கு ஒட்டுப்போட்டிருந்தால், அதை 100 மீட்டராகக் கணக்கில் எடுக்க வேண்டும். கம்பி முழுதாக அறுந்திருந்தால் இந்த வளையமே அமையாது. அப்போது, நீளத்துக்கேற்பக் கூடும் இன்னொரு பண்பான மின்தேக்குத்திறனை அளப்பார்கள். எந்த முறையிலும் கிடைப்பது கேபிளின் நீளம், சாலையின் நீளம் அல்ல. இணைப்புகளில் சுருட்டி விட்ட உபரிக் கேபிளைக் கழித்த பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும்.