உயிர்க்கொடை தேடும் மிதிவண்டிகள்

நுழையும் முன்

குருதிக்கொடை பற்றி நாம் அறிவோம். கண்கொடை பற்றியும் கேட்டிருப்போம். எலும்பு மஜ்ஜைக் கொடை பற்றி அறிந்தவர் சிலரே. அக்கொடைக்குரியவர்களைத் தேடி உலகின் பல நாடுகளில் மக்கள் மிதிவண்டியில் நெடுந்தொலைவு பயணம் செய்கின்றனர். அப்பயணத்தின் நோக்கத்தை இப்பாடத்தின் வழியாக அறிந்துகொள்வோம்.

அறப்பயணம்

மிதிவண்டி எளியோரின் ஊர்தி. பள்ளிக்கும் சந்தைக்கும் செல்ல உதவும் அவ்வூர்தி அறப்பணிக்கும் உதவுகிறது. நூறு கிலோமீட்டரோ ஆயிரம் கிலோமீட்டரோ மிதிவண்டியில் செல்வதாக ஒருவர் அறிவிக்கிறார். அவர்தம் உறவினரும் நண்பரும் அம்முயற்சியைப் பாராட்டி, அவர் குறிப்பிடும் அறநிறுவனத்துக்குப் பொருள் வழங்குகின்றனர். பயணம் செய்பவரின் உழைப்பே மற்றவர் மனத்தில் ஈகையைத் தூண்டுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்பவர் தம் தாயாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவர் 1980ஆம் ஆண்டு 36 பேருடன் ஒரு மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். முதலாண்டில் திரண்ட தொகை ஏறத்தாழ 10,000 டாலர். ‘பான்-மாஸ் சேலஞ்ச்’ என்னும் அப்பயணம் ஆண்டுதோறும் தொடர்ந்து, இன்று ஆயிரக்கணக்கானோர் பங்கேற்கும் பெருநிகழ்வாக வளர்ந்துள்ளது. பிரிட்டனில் இலண்டனிலிருந்து பாரிசு வரை மிதிவண்டியில் சென்று அறநிறுவனங்களுக்குப் பொருள் திரட்டுவது வழக்கமாக உள்ளது. எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவேட்டுக்காகவும் இவ்வாறு பயணம் செய்வோர் உளர்.

புற்றுநோய் ஆய்வுக்குப் பொருள் தேவை என்பது எளிதில் விளங்கும். ஆனால், மஜ்ஜை வேண்டிக் காத்திருக்கும் நோயாளிக்குப் பொருள் மட்டும் போதாது. அவருக்குத் தேவைப்படுபவர் ஒரு மனிதர். அதிலும் அவரோடு பொருந்தும் ஒரு மனிதர். அது ஏன் என்பதைக் காண்போம்.

மஜ்ஜையும் பொருத்தமும்

நம் எலும்புகளின் உள்ளே மென்மையான மஜ்ஜை உள்ளது. அங்குள்ள குருத்தணுக்களே சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூவகை இரத்த அணுக்களையும் ஓயாமல் உருவாக்குகின்றன. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களில் இப்பணி கெடுகிறது. அந்நிலையில், கெட்ட மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் அழித்துவிட்டு, நலமுள்ள ஒருவரின் குருத்தணுக்களை நோயாளியின் குருதியில் செலுத்துவர். அவை தாமே எலும்புகளைச் சென்றடைந்து புதிய இரத்தத்தை உருவாக்கத் தொடங்கும்.

எவருடைய அணுக்களும் எவருக்கும் பொருந்துமா? பொருந்தா. நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் ‘எச்.எல்.ஏ.’ எனப்படும் புரத அடையாளங்கள் உள்ளன. ‘இது என் உடல், இது அயல்’ என்று உடலின் காவற்படை அவற்றைக் கொண்டே பிரித்தறிகிறது. பிரெஞ்சு அறிஞர் ழான் தோசே 1958ஆம் ஆண்டு இவ்வகை அடையாளம் ஒன்றை முதன்முதலில் கண்டறிந்தார். அத்துறைப் பணிக்காக 1980ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நாம் பெரிதும் அறிந்த குருதி வகைகள் எட்டே. எச்.எல்.ஏ. வகைகளோ பல்லாயிரம். அவற்றில் ஒரு பாதியைத் தந்தையிடமிருந்தும் மறுபாதியைத் தாயிடமிருந்தும் பெறுகிறோம். எனவே, உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு மட்டுமே. பாதி பொருந்தும் உறவினரிடமிருந்து அணுக்களைப் பெறும் முறையும் இக்காலத்தில் உண்டு. எனினும், முழுப் பொருத்தமுடைய ஒருவரை உலகெங்கும் தேடுவது இன்றும் இன்றியமையாததாகவே உள்ளது.

இரண்டு தாய்மார்

இலண்டனில் வாழ்ந்த ஆந்தனி நோலன் என்னும் சிறுவன் 1971ஆம் ஆண்டு அரியதொரு நோயுடன் பிறந்தான். குடும்பத்தில் எவரும் அவனுக்குப் பொருந்தவில்லை. அவன் தாயார் ஷெர்லி நோலன், முன்பின் அறியாதவருள் பொருந்துபவரைத் தேடும் நோக்குடன் 1974ஆம் ஆண்டு ஒரு கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். உலகில் இத்தகைய பதிவேடு அதுவே முதலாவது. தேடல் முடியுமுன்னே, 1979ஆம் ஆண்டு, ஏழு வயதில் ஆந்தனி மறைந்தான். தாயார் பதிவேட்டை மூடவில்லை. அது பிறர் பிள்ளைகளுக்கு உயிர் தந்தது.

ஆனால் அப்பதிவேட்டிலும் ஒரு குறை இருந்தது. டேனியல் டி-கேல் என்னும் கறுப்பினச் சிறுவனுக்கு 1993ஆம் ஆண்டு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவனுக்கு ஏற்ற கொடையாளரைத் தேடியபோது, பிரிட்டனின் பதிவேட்டில் இருந்த கறுப்பினத்தவர் ஏறத்தாழ 550 பேரே எனப் பெற்றோர் அறிந்தனர். தாயார் பெவர்லி டி-கேலும் ஓரின் லூயிசும் 1996ஆம் ஆண்டு ஓர் அறக்கட்டளையை நிறுவித் தம் மக்களிடையே சென்று கொடையின் தேவையை எடுத்துரைத்தனர். 1999ஆம் ஆண்டு டேனியலுக்குப் பொருந்தும் கொடையாளர் அமெரிக்காவில் கிடைத்தார். டேனியல் மேலும் 9 ஆண்டுகள் வாழ்ந்து 2008ஆம் ஆண்டு மறைந்தான். அவன் பொருட்டுத் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் பணியாற்றுகிறது.

பன்மை ஏன் தேவை?

எச்.எல்.ஏ. அடையாளங்கள் தலைமுறை தலைமுறையாக வருபவை. ஒரே நிலப்பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்த மக்களிடையே சில வகைகள் மிகுதியாகவும் சில அரிதாகவும் காணப்படும். ஆகவே, முழுப் பொருத்தமுடையவர் நோயாளியின் முன்னோர் வழியைச் சார்ந்தவராக இருக்கும் வாய்ப்பே மிகுதி. ஒரு பதிவேட்டில் ஒரே இனத்தவரின் பெயர்கள் கோடிக்கணக்கில் இருப்பினும் பிற இனத்து நோயாளிக்கு அது பெரும்பயன் தராது.

அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கியது. முழுப் பொருத்தமுடைய கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு, ஐரோப்பிய வழியினருக்கு 75 விழுக்காடு. தென், நடு அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு 16 விழுக்காடு மட்டுமே. நோய் இன வேறுபாடு பார்த்து வருவதில்லை. பதிவேட்டில்தான் அவ்வேறுபாடு நிலவுகிறது.

இந்தியரான நமக்கும் இது பொருந்தும். நம் நாட்டில் பல சமூகத்தினர் பல நூற்றாண்டுகளாகத் தம்முள்ளேயே மணவுறவு கொண்டு வந்துள்ளனர். எனவே ஒரு மாநிலத்தவர் மட்டும் பதிவு செய்தால் போதாது. எல்லாப் பகுதியினரும் முன்வர வேண்டும். சென்னையில் 2009ஆம் ஆண்டு தொடங்கிய ‘தாத்ரி’ போன்ற பதிவேடுகள் இப்பணியில் ஈடுபட்டுள்ளன. எட்டுக் கோடி மக்கள் வாழும் ஜெர்மனியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பதிவு செய்துள்ளனர். 140 கோடி மக்கள் வாழும் நம் நாட்டிலோ பதிவு செய்தோர் சில இலட்சங்களே.

மிதிவண்டியின் பணி இங்கேதான் சிறக்கிறது. பதிவேடு ஓரிடத்தில் இருப்பது. மிதிவண்டியோ ஊர்தோறும் செல்வது. பயணக்குழு தங்கும் ஊர்களில் மக்கள் கூடுவர்; ‘எதற்காக இவ்வளவு தொலைவு வந்தீர்கள்?’ என்று வினவுவர். அவ்வினாவே கொடையைப் பற்றிப் பேசுவதற்கு வாயிலாகிறது. கோவில், பள்ளிவாசல், தேவாலயம், குருத்துவாரா, கல்லூரி என எங்கு நின்றாலும் அங்குள்ளோரை அழைக்க இயலும். திரண்ட பொருள், புதிதாகப் பதிவு செய்வோரின் ஆய்வகச் செலவுக்கு உதவும்.

கொடை நிகழும் முறை

பதிவு செய்வது எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தடவி, அதனை ஆய்வகத்துக்கு அனுப்புவர். பொருந்தும் நோயாளி எவரேனும் இருந்தால் மட்டுமே அழைப்பு வரும். பலருக்கு அழைப்பு வராமலே போவதும் உண்டு. அழைப்பு வந்தால், சில நாள்கள் ஊசி மருந்து செலுத்தி, பெரும்பாலும் கையின் இரத்தக்குழாய் வழியாகவே குருத்தணுக்களைப் பிரித்தெடுப்பர். சிலரிடம் மட்டும், மயக்க மருந்து அளித்து, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுப்பர். முதுகுத்தண்டிலிருந்து எடுப்பர் என்பது தவறான எண்ணம். கொடுத்த அணுக்களைச் சில வாரங்களில் உடல் மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.

எனினும், இது விளையாட்டாகச் செய்யத்தக்க செயலன்று. மாற்றுச் சிகிச்சைக்கு முன் நோயாளியின் மஜ்ஜையை மருத்துவர் அழித்துவிடுவர். அதன்பின் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து நேரும். ஆதலால், குடும்பத்தாருடன் கலந்து பேசி, ஐயங்களை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே பதிவு செய்தல் வேண்டும். நம் நாட்டில் 18 வயது நிறைந்தவரே பதிவு செய்ய இயலும். மாணவர்களாகிய நீங்கள் இன்று கற்றதை வீட்டில் உள்ள பெரியோருக்கு எடுத்துரைக்கலாம்.

சொற்பொருள்

ஈகை – கொடுத்தல்
குருத்தணு – பிற அணுக்களை உருவாக்கும் மூல அணு
பதிவேடு – பெயர்களைப் பதிந்து வைக்கும் ஏடு
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
ஐயம் – சந்தேகம்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. உலகின் முதல் மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு தொடங்கிய ஆண்டு ________.
2. உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு ________ ஒரு பங்கு.

ஆ. பிரித்து எழுதுக.
1. இடுப்பெலும்பு 2. மணவுறவு

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. எச்.எல்.ஏ. அடையாளங்களின் பணி யாது?
2. டேனியலின் பெற்றோர் பதிவேட்டில் கண்ட குறை யாது?

ஈ. சிந்தித்து எழுதுக.
‘பதிவு செய்தபின் கடைசி நேரத்தில் பின்வாங்குவதைவிட, நன்கு எண்ணிப் பார்த்துப் பதிவு செய்யாமல் இருப்பதே மேல்.’ இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணத்துடன் ஒரு பத்தி எழுதுக.