நெகிழும் மூலக்கூறு சல்லடைகள்

மூலக்கூறுகளை அவற்றின் பருமனைக் கொண்டு பிரிக்கும் நுண்துளைப் படிகங்கள் மூலக்கூறு சல்லடைகள் எனப்படுகின்றன. சிலவற்றின் துளைவாய் ஏறக்குறைய நிலையானது. சிலவற்றில் அது அசையும்.

முதல் வகைக்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு சியோலைட். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிசன் அணுக்களாலான ஏ வகைச் சியோலைட்டில் சோடியம் இருந்தால் துளைவாய் சுமார் 0.4 நானோமீட்டர். கால்சியத்தை ஏற்றினால் 0.5 ஆகும். இரண்டு சோடியம் அயனிகளுக்குப் பதிலாக ஒரு கால்சியம் அயனி போதுமென்பதால் வழியை அடைத்து நிற்பவை குறைகின்றன.

இத்தகைய பிரிப்பு சென்னையிலேயே பயன்படுகிறது. ஆவடிக்கு வடகிழக்கிலுள்ள மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம், சோப்புத்தூளின் மூலப்பொருளான நேரியல் அல்கைல் பென்சீனை மண்ணெண்ணெயிலிருந்து தயாரிக்கிறது. மண்ணெண்ணெயில் நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளும் கிளைத்தவையும் கலந்திருக்கும். நேரானவை 0.5 நானோமீட்டர் துளைக்குள் நுழையும். கிளைத்தவை வெளியே நின்றுவிடும். இதில் அலட்சியம் கூடாது. கிளைத்த சங்கிலியுள்ள சலவைப்பொருளை நுண்ணுயிரிகளால் எளிதில் சிதைக்க முடியாது. 1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகள் நுரைத்துக் கிடந்ததற்கு அதுவே காரணம்.

எல்லாக் கலவைகளிலும் வேறுபாடு இவ்வளவு தெளிவாக இராது. பிளாஸ்டிக் நாற்காலிக்கு மூலமான புரோப்பிலீனும் அதனுடன் கலந்துவரும் புரோப்பேனும் பருமனில் மிக நெருக்கமானவை. கொதிநிலை வேறுபாடும் 6 பாகைக்குள்தான். எனவே உயரமான கோபுரங்களில் காய்ச்சி வடித்துப் பிரிக்கிறார்கள். ஆற்றல் செலவு அதிகம்.

இங்கேதான் நெகிழும் படிகங்கள் கவனம் பெறுகின்றன. துத்தநாக அயனிகளை மெத்தில் இமிடசோல் வளையங்கள் இணைக்கும் சிஃப்-8 என்ற உலோகக் கரிமச் சட்டகத்தின் துளைவாய், எக்சு கதிர் அளவீட்டின்படி 0.34 நானோமீட்டர். அந்தக் கணக்குப்படி சுமார் 0.40 நானோமீட்டர் அகலமுள்ள புரோப்பிலீன் நுழையவே கூடாது. ஆனால் நுழைகிறது! வளையங்கள் கதவுபோல் ஆடிக்கொண்டிருப்பதால், அச்சிட்ட அளவு சராசரி நிலையை மட்டுமே காட்டுகிறது. சற்றே பெரிய புரோப்பேனும் நுழையும், ஆயினும் நூறு மடங்குக்கு மேல் மெதுவாக. பிரிப்பு நடப்பது இந்த வேக வேறுபாட்டால்தான்.

வேறு சில சட்டகங்களில் முழுப் படிகமுமே சுருங்கி விரிகிறது. குறிப்பிட்ட அழுத்தம் வரை வாயு நுழையாது. அதைத் தாண்டியதும் வாயில் திறக்கும். இத்தகைய சட்டகங்களை ஆராய்ந்த சுசுமு கிட்டகாவா, ரிச்சர்டு ராப்சன், ஓமர் யாகி ஆகியோருடன் 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நடைமுறைச் சிக்கல் ஒன்றுண்டு: ஒரு வாயுவுக்காகத் திறந்த வாயில் வழியே மற்றதும் உள்ளே வந்துவிடலாம். ஆகவே தனித்தனி வாயுக்களில் கிடைக்கும் முடிவைக் கலவையிலும் சோதித்தாக வேண்டும்.